வயலுக்கு இறங்கும் காலுக்கும் ஒரு ஜோடி பூட்ஸ்

காலை ஏழு மணிக்குத் திருவெறும்பூர் கடைவீதியில் நின்று, போகிற வருகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். பெல் தொழிற்சாலைக்கும், துப்பாக்கித் தொழிற்சாலைக்கும், துவாக்குடி சிட்கோவுக்கும் போகிறவர்கள் காலில் முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த கறுப்பு ஷூ இருக்கும். அதே சாலையில் நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் லோடு ஆட்டோவிலிருந்து இறங்குவார்கள். அவர்கள் காலில் ஹவாய் செருப்பு இருக்கும். அதுவும் வரப்பு வரைக்கும்தான். வரப்பில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குவார்கள். இரண்டு பேரும் ஒரே தெருவாக இருக்கலாம். ஒரே வீடாகக்கூட இருக்கலாம். புருஷன் காலுக்கு ஷூ உண்டு, பெண்டாட்டி காலுக்கு இல்லை.

முப்பத்தோரு வருடம் பட்டறை வேலை பார்த்தவன் நான். ஷூ போடாமல் கேட்டுக்குள் நுழைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு வாழவந்தான்கோட்டை ஏரிக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஒன்றரை ஏக்கரில் சம்பா போடுகிறேன். பட்டறையில் ஒரு நாளும் அடிபடாத கால் வயலில் முதல் வருடமே மூன்று முறை கிழிந்தது. அதனால்தான் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது. விதைக்கு, உரத்துக்கு, விலைக்கு இந்தப் பக்கத்தில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. வேலை செய்கிற காலைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருக்கும் மருமகன் ஊருக்கு வந்தபோது, "மாமா, மார்கழிப் பனியில தண்ணி கட்டப் போறீங்களே" என்று ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்தார். வெளியே தண்ணீர் புகாத ரப்பர், உள்ளே முழுக்கக் கம்பளி. நல்ல உழைப்பான சரக்கு. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி போகும். பனியில் நின்று வேலை செய்கிறவனுக்கு விரல் உறைந்து போகாமல் காக்க வேண்டும். அதற்காகச் செய்தது. நம் திருச்சியில் மார்கழி விடியற்காலையிலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஒரு வாரம் போட்டேன். காலை ஒன்பது மணிக்குக் கழற்றினால் உள்ளே கம்பளி பிழிகிற அளவுக்கு வேர்வை. வெளியில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, உள்ளேயே குளம் கட்டிவிட்டது. கம்பளி ஊறினால் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூன்று நாளானாலும் காயாது. எட்டாம் நாள் விரல் இடுக்கில் சேற்றுப்புண். சேற்றில் நிற்காமலே சேற்றுப்புண் வாங்கிய ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆக, குளிர் நாட்டுக்காரர்கள் பூட்ஸ் வாங்கும்போது முதலில் பார்ப்பது கதகதப்பை. நாம் அதைத்தான் முதலில் தள்ள வேண்டும். உள்ளே பஞ்சு, கம்பளி, ரோமம் எதுவும் இல்லாத வழவழப்பான பூட்ஸ், அதற்குள் தனியாக ஒரு பருத்தி சாக்ஸ். சாக்ஸை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டால் போதும். மலைக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரியிலும் வால்பாறையிலும் குளிர் குளிர்தான். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லி எழுதியிருந்தது. தேயிலை பறிக்கிறவருக்கு மழையும் குளிரும் உண்டு என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நெல் நடுகிறவருக்குச் சேறு உண்டு என்பது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை.

உறைக்காததற்கு ஒரு காரணம் நம்மிடமே இருக்கிறது. வயலுக்குள் செருப்போடு போகக் கூடாது, அது சோறு போடுகிற இடம் என்று என் அப்பா சொல்வார். அந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மரியாதையைப் பெரும்பாலும் காலில் சுமந்தவர்கள் கூலிக்காரர்கள்தான். நிலத்துக்காரர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு செருப்போடு நின்றதை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. சேரிக்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த் தெருவைக் கடந்த காலமும் அதே காலம்தான். வயலில் வெறுங்கால் என்பது வெறும் சேற்றால் வந்த பழக்கம் என்று சொன்னால் அது பாதி உண்மை.

இப்போது வயலில் காலுக்கு என்ன காத்திருக்கிறது என்று பார்ப்போம்.

உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சி நகருக்குள் புகுந்து வளைந்து நம் பக்கம் வருகிறது. ராஜராஜன் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிற வாய்க்கால். வருகிற வழியில் நகரத்தின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறது என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைமடையில் இருக்கும் நாம் அந்தத் தண்ணீரில்தான் முழங்கால் வரை நிற்கிறோம். அதோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் எறிகிற பாட்டில் ஓடு. என் காலைக் கிழித்த மூன்றில் இரண்டு பாட்டில் ஓடுதான். கிழிந்த தோலோடு, ஊறி வெளுத்த காலோடு அந்தத் தண்ணீரில் நிற்பது எலிக்காய்ச்சலுக்குக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. எலியின் சிறுநீரில் இருந்து தண்ணீரிலும் ஈர மண்ணிலும் கலக்கிற கிருமி அது. சின்னச் சிராய்ப்பு போதும், உள்ளே போய்விடும். முதலில் சாதாரணக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமும் ஈரலும் கெடும். நெல் வயலில் எலி இல்லாத வரப்பைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு 2020-இல் கணக்கிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக் கடியைக் கவனிக்கப்படாத வெப்ப மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் இந்தச் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியது. அதாவது இனி ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல காரியம். கடித்த பிறகு கணக்கு எழுத ஏற்பாடு ஆகிவிட்டது. கடிக்காமல் இருக்க?

கண்ணாடி விரியன் இரவில் வரப்பில் படுத்திருக்கும். மோட்டார் ரூமுக்குப் போகிறவர், மடை திருப்பப் போகிறவர் அதை மிதிக்கிறார். அது ஆளைத் தேடி வந்து கடிப்பதில்லை, மிதிபட்டால் கணுக்காலையும் கெண்டைக்காலையும் பிடிக்கிறது. அதன் பல் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். கெண்டைக்கால் வரை வருகிற தடித்த பூட்ஸ், அதுவும் காலை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நின்றால், அந்தப் பல்லுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சுவர். முழுக் காப்பு என்று யாரும் சொல்ல முடியாது, டார்ச் லைட்டும் கம்பும் வேண்டும். கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், காலை ஆட்டாமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதிலெல்லாம் மாற்றம் இல்லை. ஆனால் இருட்டில் வரப்பில் நடக்க ஹவாய் செருப்பு போதும் என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றுவது.

இன்னொன்று சர்க்கரை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. நம் வயலில் வேலை செய்கிறவர்களில் ஐம்பது தாண்டியவர்கள்தான் அதிகம். சர்க்கரைக்காரருக்கு முள் குத்தினால் தெரியாது. மூன்று நாள் கழித்து வீங்கின பிறகுதான் தெரியும். விரலை எடுக்கிற நிலைமைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, எதை வாங்குவது? ஹார்டுவேர் கடைகளில் கம்பூட்ஸ் என்று கேளுங்கள். இரண்டு வகை தருவார்கள். ஒன்று பி.வி.சி., இன்னொன்று ரப்பர். பி.வி.சி. விலை குறைவு. நான் காந்தி மார்க்கெட் பக்கம் வாங்கியது 420 ரூபாய். டீசல், ஆயில், பூச்சிமருந்து பட்டாலும் சீக்கிரம் கெடாது. ஆனால் விறைப்பாக இருக்கும், வெயிலில் போட்டு வைத்தால் மடிகிற இடத்தில் விரிசல் விடும். ரப்பர் வளைந்து கொடுக்கும், நடக்க சுகம், விலை கூட. டிராக்டர் டீசலில் அடிக்கடி நனைந்தால் ஊதிப்போகும். மருந்து அடிக்கிறவருக்கு பி.வி.சி., தண்ணீர் கட்டுகிறவருக்கு ரப்பர் என்பது என் கணக்கு. எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557, பி.வி.சி.க்கு ஐ.எஸ். 12254 என்று எண் இருக்கும். முத்திரை இல்லாததை நானும் ஒரு முறை வாங்கினேன். அறுப்பு வருவதற்குள் அடிப்பாகம் தனியாக வந்தது.

அடிப்பாகத்தின் கட்டையைப் பாருங்கள். நெருக்கமான சின்னச் சின்னக் கோடுகள் சிமெண்டுத் தரைக்கு. களிமண் அதில் அப்பிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் வழவழவென்று ஆகிவிடும். கட்டை உயரமாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு இருக்க வேண்டும். அப்போதுதான் நடக்க நடக்கச் சேறு தானாக உதிரும். வழுக்கலின் அருமை நம் ஊருக்குத் தெரியாததா? எண்ணெய் ஊற்றி வழுக்கிய லிங்கத்தின் மேல் எறும்புகள் ஏற முடியாமல் தவிக்க, ஈசனே மண்புற்றாகிச் சாய்ந்து கொடுத்தார் என்று எறும்பீஸ்வரர் மலைக்கோயிலில் கதை சொல்வார்கள். வரப்பு நமக்காகச் சாய்ந்து கொடுக்காது.

அளவை சாயங்காலம் பாருங்கள். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் ஊதியிருக்கும்போது, சாக்ஸ் போட்டுக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும். விரல் முன்னால் முட்டக் கூடாது. அதற்காக ஒரேயடியாகப் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். குதிகால் உள்ளே தூக்கினால், சேற்றில் கால் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நிற்கும். கடையில் நின்றபடியே ஒருவரை முன்பக்கத்தை மிதிக்கச் சொல்லி, காலை மேலே இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

போடும் முன் தினமும் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தேளும் பூரானும் தவளையும் குடியிருக்க இதைவிட நல்ல வீடு கிடையாது. பாம்புக்குப் பயந்து வாங்கிய பூட்ஸுக்குள் பாம்புக்குட்டியே படுத்திருக்கலாம். வேலை முடிந்ததும் கழுவி, நிழலில் இரண்டு குச்சியில் கவிழ்த்து மாட்டுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பழைய நாளிதழைக் கசக்கித் திணியுங்கள். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்தபின் இதையே திணித்தாலும் எனக்கு வருத்தமில்லை. இன்னொன்று, கம்பூட்ஸ் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஈரக் கையோடு மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். மின்சாரத்துக்கென்று சோதித்த பூட்ஸ் வேறு, இது வேறு.

மருந்து அடிக்கும்போது பேண்டை பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் வழிகிற மருந்தெல்லாம் பூட்ஸுக்குள் போய், கால் மருந்திலேயே ஊறும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் மருந்தைக் கையாளுகிறவருக்கு மேலாடை, கையுறை, கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் வேண்டும் என்று அப்போதே எழுதிவிட்டன. ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, முதுகில் ஸ்பிரேயரோடு இறங்குகிறவரைத்தான் இன்றும் பார்க்கிறோம். மருந்துக் கடையில் மருந்து தருகிறார்கள், அதோடு பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, "கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு நடவு நட முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. நானும் பார்த்தேன். நன்றாகச் சேறடித்த வயலில் நான்கு எட்டு வைப்பதற்குள் பூட்ஸை சேறு பிடித்து உறிஞ்சிக்கொள்ளும். இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போகும், நட்ட பயிரும் மிதிபடும். வரப்பு நடை, தண்ணீர் கட்டுவது, அண்டை வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது, மருந்தடிப்பது, மாட்டுத் தொழுவம் கூட்டுவது, வைக்கோல் அள்ளுவது, இதற்கெல்லாம்தான் கம்பூட்ஸ். நடவுக்கும் களைக்கும் வேறு மாதிரி வேண்டும்.

அந்த வேறு மாதிரி உலகத்தில் இல்லாமல் இல்லை. ஜப்பானில் நடவு வயலுக்கென்றே மெல்லிய ரப்பரில் பூட்ஸ் செய்கிறார்கள். காலுறை போலக் காலோடு ஒட்டி நிற்கும், கெண்டைக்காலில் வாரால் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். ஒட்டி நிற்பதால் சேறு உறிஞ்சாது. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கம்பெனியைத் தொடங்கிய இஷிபாஷி முதலில் புகழ்பெற்றது எதனால் தெரியுமா? 1920-களில் கூலி வேலைக்காரர்கள் போடும் துணிக் காலணிக்கு ரப்பர் அடி ஒட்டிக் கொடுத்ததால்தான். டயர் அதற்குப் பிறகு வந்தது. நம் மாநிலத்திலும் டயர் ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இலிருந்து இருக்கிறது. பக்கத்தில் பெரம்பலூர் எறையூர் சிப்காட்டில் வெளிநாட்டுக்காரர்கள் போடும் காலணிக்குத் தொழிற்சாலையே வந்துவிட்டது. இவ்வளவும் இருந்தும் நம் ஊர் நடவு வயலுக்கு ஏற்ற ஒரு ஜோடி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெறுங்கால் எதையும் கேட்டு வாங்கிப் பழகவில்லை.

அதனால் அரசிடம் ஒன்று கேட்கலாம். வேளாண்மைத் துறை மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அரிவாள் கொண்ட கருவித் தொகுப்பை மானியத்தில் கொடுத்திருக்கிறது. அதில் ஒரு ஜோடி கம்பூட்ஸையும் சேர்த்தால் என்ன? அதையும் மண்வெட்டியைப் போல ஒரு கருவி என்று எண்ணினால் போதும். பட்டாவைக் காட்டுகிறவருக்கு மட்டும் கொடுத்தால், சேற்றில் நிற்கிறவருக்குப் போய்ச் சேராது. கூலிக்காரருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதுவரை நிலத்துக்காரர்களாகிய நாம் என்ன செய்யலாம்? ஒரு மூட்டை டி.ஏ.பி. விலையில் இரண்டு மூன்று ஜோடி வாங்கி மோட்டார் ரூமில் தொங்கவிடலாம். நம் வயலில் தண்ணீர் கட்ட, மருந்தடிக்க வருகிறவர் போட்டுக்கொள்ளட்டும். பட்டறையில் எனக்கு ஷூ கொடுத்தது என் மேல் இருந்த பாசத்தால் அல்ல, கொடுக்க வேண்டும் என்று இருந்தது, கொடுத்தார்கள்.

போன மாதம் நானும் அப்படி நான்கு ஜோடி வாங்கி மாட்டினேன். நடவு ஆட்களைக் கூட்டிவரும் அம்மா ஒன்றை எடுத்துக் காலை விட்டுப் பார்த்தார். உள்ளே கால் தனியாக ஆடியது.

"அண்ணே, இது எல்லாம் ஆம்பளைங்க அளவால்ல இருக்கு. வாய்க்கால் வெட்டுற வேலைக்கு நாங்கதான வர்றோம்."

சரி என்று கடைக்குத் திரும்பப் போனேன். கம்பூட்ஸ் ஆறாம் நம்பரிலிருந்துதான் வைத்திருக்கிறார்கள். நான்கும் ஐந்தும் வருமா என்று கேட்டால், கடைக்காரர், "வரும் சார், கம்பெனியில போடுறாங்க. ஆனா யாரும் கேக்கிறதில்ல. பன்னிரண்டு ஜோடியா எடுத்தா வரவழைச்சுத் தர்றேன்" என்றார். அந்த அம்மாவும் கூட வருகிறவர்களும் சேர்ந்து ஒன்பது பேர். என் வீட்டில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று. பதினொன்று ஆகிவிட்டது. வேங்கூர், கிளியூர், பத்தாளப்பேட்டை பக்கம் யாருக்காவது நான்காம் நம்பர் வேண்டுமானால், உங்கள் கடைக்காரரிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு இன்னும் ஒரு ஜோடி குறைகிறது.